செத்த மிஷின் அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, செங்கோட்டையிலிருந்து வணக்கம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாட்ச் ரிப்பேர் பழக எங்களிடம் பழகு பெட்டி வாங்கியவர்கள் தென்காசி, கடையநல்லூர் பக்கமும் இருக்கிறீர்கள்; மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலும் இருக்கிறீர்கள். பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். “அந்தக் கடையில் கொடுப்பதெல்லாம் செத்த மிஷின்” என்று எங்களைச் சொல்கிறது அது; மிஷின் என்றால் வாட்சுக்குள் ஓடும் இயந்திரம். விலை கூடுதல் என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்போம்.

பெட்டியில் வைப்பது எச்.எம்.டி.யின் 0231 என்ற மாடல்; அச்சு முனைகள் சுற்ற 17 சிறு கற்கள் பதித்த, கையால் சாவி கொடுக்கும் மிஷின். மணிக்கு 18,000 துடிப்பு; காதில் வைத்தால் நொடிக்கு ஐந்து டிக். ஒவ்வொன்றையும் கழுவி, எண்ணெய் போட்டு, முழுச் சாவி கொடுத்து, துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் பார்க்கிறோம். முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் 220 டிகிரிக்குக் குறைவாக ஆடினால் அந்த மிஷின் பெட்டிக்குள் போகாது. அந்த எண்ணை எழுதிய சீட்டும் உள்ளே இருக்கும். ஆடியில் போன 12 பெட்டிகளில் சீட்டு வைக்க விட்டுப்போனது உண்மை. அது எங்கள் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சீட்டு இல்லாததற்கு மிஷின் செத்ததென்று பொருளா?

ஓடவில்லை என்று திரும்பி வருகிற மிஷினைத் திறந்ததுமே காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் சாவியை இறக்காமல், அதாவது ஏற்றிய விசையை விடாமல், பிரித்திருப்பார்கள். மெயின் ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போது, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் சின்னக் கவையான பேலட்டைப் பிடித்திருக்கும் பேலட் பிரிட்ஜைக் கழற்றினால் சக்கரங்கள் விர்ரென்று சுற்றி ஓயும். அந்த இரண்டு நொடியில் பல் முறியும், அச்சின் முனையான பிவட் வளையும். முதலில் சாவிக் குமிழை விரலால் இறுக்கிப் பிடித்து, சாவி கொடுக்கும் பக்கமாகவே ஒரு இழை திருப்புங்கள். விசை பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கிளிக்கின் மேலுள்ள அழுத்தம் விலகும். கிளிக்கை மரக்குச்சியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவி விரலுக்குள் மெல்ல வழுக்கித் திரும்ப விடுங்கள். விட்டுவிடக் கூடாது, வழுக்க விடவேண்டும். பிறகு பேலன்ஸை எடுத்ததும் பேலட்டை லேசாகத் தள்ளிப் பாருங்கள். அது தானாகத் துள்ளி மறுபக்கம் போனால் இன்னும் விசை இருக்கிறது. பேலட் பிரிட்ஜின் ஸ்குருவில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, பேலன்ஸ் பிரிட்ஜை மாட்டும்போது. பேலன்ஸின் பிவட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது கல்லின் துளைக்குள் இறங்குமுன் ஸ்குருவை முடுக்கினால் முறிந்தது முறிந்ததுதான். பிரிட்ஜை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே சக்கரத்தை ஊதுங்கள். சுற்றினால் கால் திருப்பு முடுக்குங்கள். மறுபடி ஊதுங்கள். நின்றுவிட்டால் உடனே தளர்த்துங்கள். பேலன்ஸைத் தூக்கும்போதும் அதன் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் அதை வெகுநேரம் தொங்கவிடாமல், பிரிட்ஜோடு சேர்த்துத் தலைகீழாகப் படுக்க வையுங்கள்.

சிலர் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருந்தார்கள். பேலட் கற்களைப் பிடித்திருப்பது ஷெல்லாக் என்ற அரக்கு. ஸ்பிரிட்டில் அது கரையும், கல் நகரும். பேலட்டுக்கும் பேலன்ஸுக்கும் வெள்ளைப் பெட்ரோல் போதும், அடுப்பங்கரையிலிருந்து எட்ட உட்கார்ந்து. எண்ணெயும் அப்படித்தான்: கல்லின் குழியில் பாதி நிரம்பினால் போதும், பேலட்டின் பிவட்டுக்கு அதுவும் வேண்டாம், சக்கரப் பல்லுக்கு அறவே வேண்டாம். மிஷின் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், காந்தம் வைத்த செல்போன் உறையின் பக்கத்தில் வைத்தீர்களா என்று பாருங்கள். ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்; கடைக்குக் கொண்டுவந்தால் காந்தத்தை எடுத்துத் தருவோம், காசு வேண்டாம்.

கண்ணாடி போட்டவர்கள் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஐ கிளாஸ் லென்ஸ் கேட்கிறீர்கள். வேண்டாம். அது பொருளிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் நிற்கும், ட்வீசர் நுழைய இடமிராது. பெட்டியில் இருக்கும் 4 மடங்குதான் ஆறு சென்டிமீட்டர் இடம் தரும். மேசை நெஞ்சுயரம் இருந்து முழங்கை ஊன்றினால் பாதி நடுக்கம் நின்றுவிடும். மீதி நடுக்கத்துக்கு, உட்காருமுன் காபியைத் தள்ளிப்போடுங்கள். சாரல் காலத்தில் மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரத்தை வெறும் விரலால் தொட்டால் மறுவாரமே துருவாக ரேகை தெரியும். விரலுறை போடுங்கள், டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, பழைய மிஷின்கள் கைமாறித்தான் கிடைக்கின்றன, நல்லது அரிதாகிறது. அதனால் பெட்டி விலை 2,400 ரூபாயிலிருந்து 2,750 ஆகிறது. ஞாயிறு வகுப்பு எடுத்த தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டதால் வகுப்பு தற்போதைக்கு இல்லை. முன்பணம் கட்டியவர்கள் அந்தத் தொகைக்குச் சாமானாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதிவைக் கேட்டதும் கடைக்கே வந்து, தங்கள் கையில் ஓடுகிற மிஷினை மேசைமேல் வைத்துக் காட்டிய ஐயாமார்களுக்கும், புனலூரிலிருந்து போனில் கூப்பிட்டு “விட்டுத்தள்ளுங்க” என்ற சேட்டன்மார்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சீட்டு கிடைக்காத 12 பேரும் மிஷினைக் கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னே டைம்கிராஃபரில் வைத்து எண்ணை எழுதித் தருகிறோம். பஞ்சில் பொதிந்து கொண்டுவர வேண்டாம், நார் சிக்கும். மூடியுள்ள சின்ன டப்பா போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
செங்கோட்டை