ஒற்றை அறை வீடும் மனநோயும்: வாழ்விட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டு வீடுகளை ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு தொடங்கிக் கண்ணகி நகரிலும், குறிப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. அங்குள்ள தண்ணீரைப் பற்றியும் வேலைக்குச் செல்லும் தொலைவைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. மனநோயுள்ள ஒருவரைக் குடும்பம் எப்படிப் பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதை வீட்டின் அமைப்பும் தீர்மானிக்கிறது என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). ஆற்றோரத்தில் இருந்தபோது, தூக்கம் வராத இரவுகளில் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டுச் சித்தி ஒரு கண் வைத்துக்கொள்வார். விடிந்ததும் மகன் டீக்கடைக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்து நாலு காசு பார்ப்பார். இப்போது வீடு ஆறாவது மாடியில். வீடு ஒதுக்கும் குலுக்கலில் சித்திக்கு வேறு பிளாக் விழுந்தது. மகன் இரவில் எழுந்து நடந்தால், அதே அறையில் படுத்திருக்கும் தங்கையும் அவள் குழந்தையும் விழித்துக்கொள்கிறார்கள். எங்கே கீழே போய்விடுவாரோ என்ற பயத்தில் தாய் உள்ளே பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். அவரிடம் அன்புக்குக் குறைவில்லை. விலகி உட்கார ஓர் இடம் இல்லாததால்தான் அந்த வீட்டில் ஒவ்வொரு சொல்லும் சண்டையாகிறது.

இது தனியொரு வீட்டின் கதை மட்டுமன்று. குற்றங்குறை கூறும் உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் மேல் நேருக்குநேர் இருக்க நேர்ந்த மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் திரும்புவது மிகுதி என்பதை வான் (Vaughn), லெஃப் (Leff) என்ற ஆய்வாளர்கள் 1976இல் லண்டனில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சில நாளிலேயே அந்த 35 மணி நேரம் கடந்துவிடும் ஒற்றை அறை வீட்டில், 'கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள்' என்று மருத்துவர் சொல்லும் அறிவுரையை எந்தக் குடும்பத்தால் கடைப்பிடிக்க முடியும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமையாக ஏற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுள்ளோருக்குச் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையைத் தருகிறது. ஆகவே ஒதுக்கீட்டுக்கு முன் எடுக்கும் கணக்கெடுப்பில், வீட்டில் மனநோயுள்ளவர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஆனால் பதிலை அண்டை அயலார் அறியாதபடி காத்திடுங்கள். கேட்கும் குடும்பத்துக்குத் தரைத்தள வீடு கொடுங்கள். உறவினர் அருகருகே இருக்க விரும்பினால் அவர்களை ஒரே குழுவாகக் குலுக்கலில் சேருங்கள். என்னைக் கேட்டால், செலவே இல்லாத இந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. புதிதாகக் கட்டும் வீடுகளில், எவ்வளவு சிறியதானாலும், கதவுள்ள இரண்டாவது அறை ஒன்று இருக்கட்டும். ஏற்கெனவே கட்டி முடித்த பிளாக்குகளில், பகலெல்லாம் திறந்திருக்கும் பொது அறை ஒன்றைத் தரைத்தளத்தில் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
மனநோயாளிகளின் குடும்பங்களோடு பழகிவரும் ஒருவர்