முரளிக்கு, லெவல் அப் பற்றி

அன்புள்ள முரளி,

உன் மடல் கிடைத்தது. கேம் செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் மென்பொருளில் சொந்தமாக ஒரு கேம் செய்ய உட்கார்ந்துவிட்டாயாமே, சந்தோஷம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

சண்டை போட்டுப் போட்டு நாயகன் அடுத்த நிலைக்கு ஏறும் லெவல் அப் வெறும் நம்பர்தானே, எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். எடுக்கலாம். ஆனால் அது பார்க்கிற வேலையை அப்புறம் வேறு யார் பார்ப்பது?

1986இல் ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் வந்த டிராகன் குவெஸ்ட்டை எடுத்துக்கொள். ஸ்லைம் என்ற சின்ன எதிரியைக் கொன்றால் 1 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. 7 சேர்ந்தால் லெவல் 2. 23இல் லெவல் 3, கூடவே காயம் ஆற்றும் மந்திரம். 47இல் லெவல் 4, தாக்கும் மந்திரம். ஒன்றைப் பழகிய பிறகே அடுத்தது கைக்கு வரும். அந்த உலகத்தில் ஒரு பாலம் தாண்டினால் எதிரிகள் வலுத்துவிடும். செத்தால் பொன்னில் பாதி போகும், எக்ஸ்பி போகாது. சூட்சுமமே இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. தோற்றவனும் கொஞ்சம் வலுவோடுதான் திரும்ப வருகிறான். சூரன் குறைந்த லெவலிலேயே பாலம் தாண்டுவான். மற்றவன் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத் தாண்டுவான். எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்பதை ஆடுகிறவனே வைத்துக்கொள்கிறான். 'ஈஸி, ஹார்ட்' மெனுவுக்கு அங்கே வேலையே இல்லை.

எதிரியும் உன்னோடு சேர்ந்து வளர்ந்தால் இது கெட்டுவிடும். ஃபைனல் ஃபேன்டஸி 8இல் எதிரிகளின் லெவல் உன் குழுவின் சராசரியைப் பின்தொடரும். உன் வலுவோ பெரும்பாலும் சேர்த்துவைத்த மந்திரங்களிலிருந்து வரும். ஆகவே லெவல் ஏறாமல் ஒதுங்கி ஆடுகிறவனுக்குத்தான் லாபம்! ஆப்லிவியன் என்ற கேமிலும் இதே கதை. பேச்சுத் திறமையை வளர்த்து லெவல் ஏறியவன் முன்னால், விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்ட வழிப்பறிக்காரன் வந்து நிற்பான்.

உன் கேமுக்கு வருவோம். எக்ஸ்பி அட்டவணையை முதலில் போடாதே. ஒரு லெவலுக்கு எத்தனை சண்டை என்று முடிவு செய்: தொடக்கத்தில் 5, நடுவில் 12 என்று வைத்துப் பார். நடுப்பகுதியில் ஒரு சண்டைக்குச் சராசரி 30 எக்ஸ்பி என்றால், ஒரு லெவல் ஏற 12 × 30 = 360 எக்ஸ்பி, அவ்வளவுதான் கணக்கு. மேலே போகப் போக அட்டவணை செங்குத்தாக ஏறட்டும். பழைய இடத்திலேயே எலி அடித்துக்கொண்டிருப்பவன் தானே சலித்து நகர்வான். அவனுக்குத் தனியாகத் தண்டனை வேண்டாம்.

அடுத்து, அடிகளை எண்ணு. எதிரிக்கு 30 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி. அடிக்கு 14 விழுந்தால் 3 அடி, 15 விழுந்தால் 2 அடி. அதற்கு மேல் 29 வரை எவ்வளவு கூட்டினாலும் அதே 2 அடிதான். லெவல் ஏறியும் கைக்கு ஒன்றும் தெரியாது. 'ஏறினேன், ஒன்றும் மாறவில்லையே' என்ற சலிப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மேக்கரின் அண்மைப் பதிப்புகளில் சேதத்துக்கான வழக்கமான சூத்திரம் தாக்குதல் × 4 − தற்காப்பு × 2 என்பதால், தாக்குதலில் ஒரு புள்ளி கூடினாலே 4 சேதம் கூடும். அதிலும் 20 சதவீதம் ஏற்ற இறக்கம் உண்டு. சராசரி 15 என்றால் சில சமயம் 12தான் விழும். எதிரி எப்போதும் இரண்டே அடியில் சாக வேண்டுமானால் சராசரியை 19 வரை தள்ளி வை. நாயகன் வாங்குகிற அடிக்கும் இதே கணக்கைப் போடு.

முதல் மூன்று பகுதிகளுக்கு மட்டும் எந்த லெவலில் எத்தனை அடி என்று அட்டவணை போட்டு அனுப்பு. பாஸ் என்கிற பெரிய எதிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
குமார்