25-க்கு மேல் என்ன அவசரம், ராகவா?

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. வேலை நெருக்கியதில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறாள். கணேசன் வீடு மாறிவிட்டான், புது முகவரியைத் தனியே அனுப்புகிறேன்.

இன்றிரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீ கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்திருக்கும் ஒரு வரி. மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவியை நிறுத்திவிடுகிறதே மின் சைக்கிளின் வேகப் பூட்டு, அதைத் திறக்க ஏதோ கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறாயாமே? சின்னையா மாமாவின் வானொலிப் பெட்டியைத் திறந்த நாளிலிருந்தே உன் கை எனக்குத் தெரியும். மாமா இன்றைக்கும் அந்தப் பெட்டியைச் சொல்லித்தான் உன்னை விசாரிக்கிறார்.

உன் எரிச்சல் நியாயமானது. சமதளச் சாலை, பின்னாலிருந்து லேசான காற்று, கால் நன்றாகச் சூடேறியிருக்கும் நேரம். திரையில் 23, 24 என்று ஏறுகிறது. 25-ஐத் தொட்டதும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. வண்டியின் முழுக் கனமும் தொடையில் வந்து இறங்குகிறது. சாதாரண சைக்கிள் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். நம்முடையது பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து இருபத்தைந்தை நெருங்குகிறது. போதாததற்குக் காற்று வேறு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 25-இலிருந்து 30-க்குப் போக வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்குச் செலவாகும் திறனோ முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிவிடுகிறது. மோட்டார் கைவிடும் இடமும் காற்று கனக்கத் தொடங்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டதால்தான் அந்த எல்லை சுவர் மாதிரித் தெரிகிறது.

ஆனால் ராகவா, நீ அந்தச் சுவரில் முட்டிக்கொண்டே ஓட்டுகிறாய் என்று நினைக்கிறேன். 25-ஐத் தொட்டு, மோட்டார் நின்று, 24-க்கு இறங்கி, மோட்டார் மறுபடி பிடித்து, மறுபடி நின்று... இப்படி ஓட்டினால் யாருக்கும் அலுத்துப்போகும். முழங்காலுக்கும் நல்லதல்ல. நான் இப்போதெல்லாம் சமதளத்தில் 22, 23-இல் நிலைத்துவிடுகிறேன். உதவியை ஒரு படி குறைத்து, கியரையும் ஒன்று இறக்கி, மிதி ஒரு நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று சுற்றும்படி வைத்துக்கொண்டால் மோட்டார் இருப்பதே தெரியாமல் கூடவே வருகிறது. இறக்கத்தில் 30, 32 தானாக வரும். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது மோட்டாரின் உதவியைத்தான், உன் காலை அல்ல. மோட்டாரின் அருமை தெரிவது வேறு இடங்களில்: சிக்னலில் நின்று கிளம்பும் முதல் பத்து மீட்டரில், பாலத்து ஏற்றத்தில், முகத்தில் அறையும் எதிர்காற்றில். உன் வழியில் பாலம் ஒன்றுக்கு இரண்டு இருக்கிறதே! அந்த ஏற்றங்களில் நீ 25-ஐ எட்டுவதே இல்லை. அங்கெல்லாம் பூட்டு உனக்கு என்ன குறை வைத்தது?

நேரக் கணக்கையும் பார்த்துவிடு. உன் அலுவலகம் பத்து கிலோமீட்டர். நிற்காமல் 25-இல் போனால் 24 நிமிடம். 30-இல் போனால் 20 நிமிடம். லாபம் நான்கு நிமிடம். அதிலும் சிக்னல், திருப்பம், பாதசாரிகள் என்று கழித்தால் இரண்டு நிமிடம் மிஞ்சினால் பெரிது.

எனக்கும் சட்டத்தோடு சண்டை உண்டு, அதை மறைக்கவில்லை. நமக்குப் பொருந்தும் ஐரோப்பிய விதி 2002-இல் எழுதப்பட்டது: 250 வாட் மோட்டார், 25 வரை உதவி. சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கும் இடத்தில் அந்த எண் சரியாகப் பொருந்துகிறது. பாதை முடிந்து கார்களோடு ஒரே சாலையில் இறங்கியதும் அதே 25 உறுத்துகிறது. பின்னால் வருகிறவன் பொறுமையிழந்து கையைத் தொடும் தூரத்தில் முந்துகிறான். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வரை விடுகின்றன. மிதித்தால் மட்டும் உதவும் இன்னொரு வகைக்கு 45 வரை. கனடாவில் 32. முப்பது என்று வைத்தால் சாலையில் நிம்மதியாக இருக்கும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் ஏற்பாடு. மோட்டார் துணையுள்ள சைக்கிளை 1993-இல் யமஹா முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அங்கேதான். அவர்கள் விதிப்படி 10 கிலோமீட்டர் வேகம் வரை உன் மிதிக்கு இரண்டு மடங்கு வரை உதவி கிடைக்கும். அதற்கு மேல் வேகம் கூடக்கூட உதவி படிப்படியாகக் கரைந்து 24-இல் பூஜ்யம் ஆகிவிடும். எல்லை நம்முடையதைவிடக் குறைவு, ஆனால் சுவர் கிடையாது. நம் வண்டிகளிலும் நல்ல மோட்டார்கள் எல்லையை நெருங்கும்போது மெல்லத்தான் விலகிக்கொள்கின்றன. விலகியதும் உள்ளிருக்கும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிடுவதால் அதன் இழுவை காலுக்கு வருவதில்லை. உன் வண்டியின் மோட்டார் மிதி அச்சில் இருக்கிறதா, சக்கரத்தின் நடுவில் இருக்கிறதா? சக்கரத்தில் இருந்து, பல்சக்கரம் இல்லாத வகையாகவும் இருந்தால், 25-க்கு மேல் அது உன்னைப் பின்னுக்கு இழுக்கும். உன் புலம்பலில் பாதி அதனால்கூட இருக்கலாம்.

இனி அந்தக் கருவி. இரவு விளக்கை எடுத்துக்கொண்டு போய் என் வண்டியைப் பார்த்தேன். பின்சக்கரத்தின் ஒரு கம்பியில் சுண்டுவிரல் நுனி அளவு காந்தம். அதற்கு நேரே வண்டியின் சட்டகத்தில் ஓர் உணரி. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். ஆகவே 25-இல் போகும்போது காந்தம் வினாடிக்கு மூன்று முறைக்குச் சற்று அதிகமாக உணரியைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு போகும், அதை எண்ணித்தான் மோட்டார் வேகத்தை அறிகிறது. நீ வாங்கவிருக்கும் கருவி நடுவில் உட்கார்ந்து, இரண்டு துடிப்புக்கு ஒன்றை மட்டும் மோட்டாருக்கு அனுப்பும். நீ 40-இல் பறக்க, வண்டி 20-இல் போவதாக நம்பும். வேகம் பொய், ஓடிய தூரம் பொய். ஒரு கிலோமீட்டருக்குக் காற்று தின்னும் ஆற்றல் 35-இல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், பேட்டரி பாதி வழியில் கைவிரிக்கும். இப்போது வரும் பல மோட்டார்கள் இந்தப் பொய்யைக் கண்டுபிடித்து உதவியையே நிறுத்திவிடுகின்றன. உத்தரவாதமும் போகும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். என்னைத் தூங்கவிடாதது வேறு.

பூட்டைத் திறந்த கணமே சட்டத்தின் கண்ணில் உன் வண்டி சைக்கிள் அல்ல. பதிவும் காப்பீடும் எண் தகடும் இல்லாத மோட்டார் வண்டி. யார் மீதாவது மோதினால் காப்பீட்டு நிறுவனம் கைகழுவிவிடலாம். அடிபட்டவரின் வாழ்நாள் செலவு உன் தலையில், உன் வீட்டின் மீது, மீனாவின் சேமிப்பின் மீது விழும். வேகம் 25-இலிருந்து 45-க்குப் போனால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளைக்கு உறைப்பதற்கு ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள். 25-இல் அந்த ஒரு வினாடியில் ஏழு மீட்டர் போகிறாய். 45-இல் பன்னிரண்டரை.

சென்ற மாதம் ஆற்றோரப் பாதை வளைவில் ஒரு மூதாட்டி பாதையின் ஒரு பக்கம், அவருடைய நாய் மறுபக்கம். நடுவில் மெல்லிய கயிறு. அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் நாயைத்தான் முதலில் பார்த்தேன். கயிறு கண்ணில் பட்டது பிரேக்கை அழுத்திய பிறகு. முன்சக்கரம் கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் பயந்துகூடப் போகவில்லை, நாயை இழுத்துக்கொண்டு "போங்கள்" என்றார். எனக்குக் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. 23-இல் வந்ததால் நின்றேன். 40-இல் வந்திருந்தால் என்று யோசிக்க மனம் வரவில்லை.

உனக்கு வேகம் வேண்டுமா, 45 வரை உதவும் வகையையே வாங்கு. எண் தகடு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் எல்லாம் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திச் சாலையில் ஓட்டு. பல நாடுகளில் அதற்குச் சைக்கிள் பாதையில் இடமில்லை, அது சரிதான். எல்லையை முப்பதாக்கச் சொல்லி மனு எழுதுவதாக இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் போகும் பாதையில், சைக்கிள் என்ற பெயரில், அவர்கள் எதிர்பார்க்காத வேகத்தில் நீ வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கருவி வந்துவிட்டதென்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. வரவில்லை என்றால் நாளைக் காலையே வேண்டாம் என்று சொல்லிவிடு. பிறகு டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று பார்த்து எழுது. உன் எடைக்கு அது குறைவாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது, சரிசெய்தாலே சமதளத்தில் வண்டி இலகுவாகிவிடும். இருக்கையின் உயரத்தையும் அளந்து அனுப்பு. மீனாவுக்கு அன்பு.

உன்,
வேலு