கால் வீக்கத்துக்குக் கஷாயம்: காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால் வீக்கம் வடிய நெருஞ்சிலையும் மூக்கிரட்டையையும் சேர்த்துக் காய்ச்சிய மூலிகைத் தேநீரை நாள்தோறும் குடிக்கலாம் என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். எங்கள் மானாவாரிக் காட்டில் செருப்பில்லாமல் நடந்த எவருக்கும் நெருஞ்சி முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது சிறுநீரைப் பெருக்கும் என்று சித்த மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லி வருவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கால் ஏன் வீங்குகிறது என்ற கேள்வியை அந்தக் குறிப்பு ஓரிடத்திலும் எழுப்பவில்லை.

கடந்த ஆண்டு என் தாயாருக்கு இரண்டு கால்களும் வீங்கின. காலையில் சற்று வடிந்திருக்கும். மாலையில் மெட்டியைக் கழற்றவே சோப்பு நுரை தேவைப்படும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால், கேழ்வரகுக் களியில் விரல் பதிந்ததுபோல் பள்ளம் அப்படியே நின்றது. எட்டில் ஒன்றாக வற்றவைத்த கஷாயத்தை ஒன்றரை மாதம் விடாமல் கொடுத்தோம். இரவில் நான்கு முறை எழுந்து போனாரே தவிர, வீக்கம் குறையவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டதுதான்) வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண்மணி ஒருநாள் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரும்படி சொன்னார். அங்கே சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்த மருத்துவர், இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த அம்லோடிபின் மாத்திரையே காரணம் என்றார். அது நுண்ணிய தமனிகளை விரியச் செய்வதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடலில் நீர் மிகுந்ததால் வரும் வீக்கம் அன்று என்பதால், சிறுநீரைப் பெருக்கும் எதுவும் இதற்கு அவ்வளவாகப் பலன் தராது என்றும் விளக்கினார். மாத்திரையை மாற்றிக் கொடுத்த சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிட்டது. நாங்களாகவே மாத்திரையை நிறுத்தியிருந்தால் அழுத்தம் ஏறியிருக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது லேசானது. நடந்தாலோ, மல்லாந்து படுத்தாலோ மூச்சு வாங்குபவருக்கு இதயமும், முகம் அதைத்துச் சிறுநீர் நுரைத்துப் போகிறவருக்குச் சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம். ஒரே கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், இரத்தக்கட்டாக இருக்கக்கூடும் என்பதால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மூலிகைகளில் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகிவிடலாம். ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுபவர் கஷாயத்தையும் சேர்த்துக் குடித்தால் உப்புச்சத்து குறைந்து தலைசுற்றி விழவும் கூடும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களில் இவற்றையெல்லாம் அச்சிட்டு நான் பார்த்ததில்லை, நாளிதழாவது எழுதலாம்.

இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, யார் குடிக்கக்கூடாது, எத்தனை நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அதே பத்தியில், அதே எழுத்தளவில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் உள்ள ஒருவரிடமே அதை எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.