வாசிகசாலையின் கதையைச் சேர்த்துத் தந்த எல்லோருக்கும்

அன்பான ஊரவர்களுக்கு,

எங்கள் சனசமூக நிலையத்தின் வரலாற்று நூல் போன கிழமை அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. தொகுப்பாசிரியர் என்று அட்டையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உங்கள் அலுமாரிகளிலிருந்தும் ஞாபகத்திலிருந்தும் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் இந்த மடலிலும் யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, பழைய செயலாளரின் மனைவியான எங்கள் பெரியம்மாவுக்கு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. அந்த இரவு அவர்களின் சைக்கிள் கரியரில் ஒரேயொரு பைதான் இருந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி, நகை கொஞ்சம், அப்புறம் நிலையத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பி ஒன்று. "இவர் அதை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவர், நானும் தூக்கி வைச்சிட்டன்" என்று மட்டும் பெரியம்மா சொன்னார். மறு ஆண்டு தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் நிலையத்தில் அலுமாரியே இல்லை. மற்றக் கொப்பிகளும் புத்தகங்களும் அதோடு போய்விட்டன. மிஞ்சியது பெரியம்மா கொண்டுபோன அந்த ஒன்றுதான்.

நீளமான சீ.ஆர். கொப்பி அது. தைத்த நூல் விட்டுப்போய், முதல் நாலைந்து பக்கங்களில் மழை பட்டு நீல மை பரவியிருக்கிறது. நடுவில் ஒரு தீர்மானம்: பத்திரிகையிலிருந்து வேலை விளம்பரத்தை யாரோ தொடர்ந்து வெட்டி எடுக்கிறார்களாம், இனிமேல் வெட்டுபவர் மறுநாளே அதே பத்திரிகையை வாங்கி வைக்க வேண்டும். பிரேரித்தவர் பெயரும் ஆமோதித்தவர் பெயரும் கீழே இருக்கின்றன. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு வேலைக்காக எத்தனை பேர் அந்த ஒற்றைப் பத்திரிகையைக் காத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்!

பதிவுக் கடிதத்தைத் தேடி எடுத்துத் தந்த பொருளாளர் அண்ணைக்கும் நன்றி. அதில் திகதி இருந்த மூலையைக் கறையான் தின்றிருந்தது. கிராம சபையின் முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. கிராம சபைகள் 1981இல் கலைக்கப்பட்டன, பிரதேச சபைகள் வந்தது 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஆகவே கடிதம் 1981க்கு முந்தியது என்பது உறுதியானது. நிலையம் தொடங்கிய ஆண்டுதான் கடைசிவரை பிடிபடவில்லை. அரிசி விலை ஏறி ஹர்த்தால் நடந்த 1953 என்கிறார் ஒரு ஐயா. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே கிடுகுக் கொட்டிலுக்குக் கப்பு நட்டவர்கள். அவர்களில் ஒருவரைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இரண்டையும் அப்படியே அச்சில் போட்டிருக்கிறோம்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான நன்றி.

ஒழுங்கையின் கடைசி வீட்டு ஐயாவிடம் மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் தேத்தண்ணி தந்து, சுகம் விசாரித்து அனுப்பிவிட்டார். மூன்றாம் தடவை, சின்ன வயதில் தான் பத்திரிகை கேட்ட இடத்தைக் காட்டுகிறேன் என்று எழும்பி வந்தார். வாசிகசாலையின் மேற்கு வேலி. உள்ளே யாரோ உரத்து வாசிக்க, வெளியே கிடுகுவேலியோடு ஒட்டி நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து வாங்கில் இருக்க அவருடைய ஆட்களுக்கு அனுமதி இல்லை. சாதியைச் சொல்லி ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. எங்கள் வாங்கில்வரை அது வந்து சேர இன்னும் பல வருடம் பிடித்தது. 1964 டிசம்பர்ப் புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது, திருப்பி வேய ஆள் வேண்டும் என்று அவரையும் கூப்பிட்டார்கள். "கூரைக்கு மேலதான் முதல் ஏறினனான், பிறகுதான் தம்பி உள்ளுக்குக் கால் வைச்சது" என்றார். குறிப்புக் கொப்பியில் அந்தச் சிரமதானத்துக்கு ஒரே வரிதான்: ஊரவர் அனைவரும் கலந்துகொண்டனர்.

ஐயா, நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அந்த ஒரு வரியை வரலாறு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அறுபது வருடம் மனதில் வைத்திருந்ததை என் முன்னால் இறக்கி வைத்தீர்கள். அதற்கு நன்றி என்ற சொல் காணாது.

இந்தப் பகுதி வேண்டாம், பழைய கதையைக் கிண்டாதே என்று சிலர் சொன்னது உண்மை. நிர்வாக சபை இரவு பத்து மணிவரை இருந்து கதைத்து, ஒரு சொல்லும் குறைக்காமல் போடுவது என்று முடிவெடுத்தது. அந்த இரவு அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கனடாவிலிருந்து கரப்பந்தாட்டக் குழுவின் படத்தை அனுப்பிய அக்காவுக்கு, பின்னால் ஓட்டுக் கூரை தெரியும் ஒரே படம் அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்க வைத்தவர்களுக்கு, அதை எப்படிச் செய்தோம் என்று நிலைய முற்றத்திலேயே திரும்பச் செய்து காட்டியதற்கு. மை பரவிய பக்கங்களைக் கைபேசி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி வாசித்துத் தட்டச்சு செய்த உயர்தரப் பிள்ளைகளுக்கு. 2005 முதல் எங்கள் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கு. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் வாசிகசாலையில்தான் இருப்பேன். உங்கள் படிகளைக் கட்டி, வீட்டு ஒழுங்கில் அடுக்கி வைத்திருக்கிறேன். கடைசி வீட்டு ஐயாவின் படியை நானே கொண்டுவந்து தருகிறேன். இன்னொரு குறிப்புக் கொப்பி யாருடைய வீட்டிலாவது, பரணிலோ பெட்டகத்திலோ கிடந்தால், எவ்வளவு பழுதாகியிருந்தாலும் எறிந்துவிடாமல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொகுப்பாசிரியர்