ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்கு மனு நிலுவையில் உள்ளது.

மே மாதம் நடந்த மாணவர் வரலாற்று முகாமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. "டூர் கூட்டிட்டுப் போக எதுக்குச் சங்கப் பணம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அது டூர் அல்ல. முதலில் நம் கூடத்தில் பிள்ளைகள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தைப் பழகி, உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறினார்கள். அதன் பிறகே 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். கறுப்பு சிவப்புப் பானைகளைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன என்பதை அங்கே பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். ஆதன், குவிரன் என்று பழைய பானை ஓடுகளில் கீறிய பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "பானையில எதுக்குண்ணே பேரு?" என்றான் ஒரு பையன். வழிகாட்டி வாய் திறக்குமுன் ஒரு பெண் பிள்ளை, "ஏன், எங்கம்மா சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டலையா?" என்றாள். இந்தக் கேள்வியும் பதிலும் டூரில் கிடைக்காது.

(சங்கத்தின் பெயர் வெட்டிய பெரிய அண்டா ஒரு விசேஷ வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் அறிவார்.)

முகாமுக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டிய உறுப்பினர்களில் பலரைக் காலை ஏழு மணிக்கு வேன் பக்கம் காணோம். சாப்பாட்டுப் பொட்டலம் மிஞ்சியது. சந்தா பாக்கியும் அப்படித்தான். பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவு ஏறக்குறைய செலவுக்குச் சரி. இடையில் விழுந்த துண்டு என் கையிலிருந்து போனது. வவுச்சர்கள் ஃபைலில் உள்ளன, சந்தேகம் உள்ளவர்கள் பார்க்கலாம்.

கூடம் தந்தவர்களுக்கும் மோர் தந்த குடும்பத்தாருக்கும் நன்றி.

அடுத்த முகாமை மதுரை அருகே உள்ள மாங்குளம் மலையில் நடத்த ஆசை. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் உள்ள கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சமண முனிவர்களுக்கு வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழு தந்த கொடையும் அதே மலையில் கல்லில் வெட்டப்பட்டு, ஈராயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது. நம் உறுப்பினர்களிலும் கடை வைத்திருப்பவர்கள் அநேகம். கல்லில் வெட்ட நமக்கு அனுமதி கிடையாது. வேனில் பேனர் கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்