உப்புமாவுக்கும் அரங்கில் இடம் கொடுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளுக்காகச் சமையல் போட்டிகளைத் தயாரிக்கும் அன்பர்களுக்கும், அவற்றில் நடுவர்களாக அமரும் சமையற்கலைஞர்களுக்கும் வணக்கம்.

உணவகங்களிலும் கல்யாண வீடுகளிலும் 28 ஆண்டுகள் அடுப்பின் முன் நின்றவன் நான். என்னிடம் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இன்று ஒரு மெஸ்ஸில் காலை டிபன் முழுவதையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சமையல் போட்டியின் முதற்கட்டத் தேர்வுக்குப் போனார். வெண்கலப் பானையில் கிண்டிய அரிசி உப்புமாவும் கத்தரிக்காய்க் கொத்சும் எடுத்துச் சென்றார். "இது தினமும் வீட்டில் செய்வதுதானே, திரையில் எடுபடாது" என்று சொல்லி, ஒரு வாய்கூடச் சாப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு அது ஆறவில்லை. ஏனென்றால், உலகம் பார்த்த ஒரு சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில் உப்புமா ஏறி வென்ற கதை எனக்குத் தெரியும்.

அப்படி வென்றவர் ஃபிளாய்டு கார்டோஸ். அவர் மும்பையில் பிறந்தவர், கோவாவில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். உயிர்வேதியியல் படித்துவிட்டு, அந்த வழியில் போகாமல் சமையற்கலைக்கு வந்தார். சுவிட்சர்லாந்தின் லே ரோஷ் பள்ளியில் பயின்று நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே லெஸ்பினாஸ் என்ற பெயர்பெற்ற உணவகத்தில், சிங்கப்பூரில் பிறந்த கிரே குன்ஸ் என்னும் தலைமைச் சமையற்காரரின் கீழ் வேலை பார்த்துப் படிப்படியாக உயர்ந்தார். 1998இல் நியூயார்க் உணவக அதிபர் டேனி மேயருடன் சேர்ந்து டாப்லா என்ற உணவகத்தைத் திறந்தார். நம் மசாலாக்களை அமெரிக்கச் சந்தையின் காய், மீன், இறைச்சியோடு சேர்த்து, விலையுயர்ந்த மேசையில் பரிமாறிய அந்த உணவகத்துக்கு அடுத்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த டாப்லா 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2011இல், 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்' போட்டியின் மூன்றாம் பருவம் அமெரிக்காவின் பிராவோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஏற்கெனவே பெயர் வாங்கிய சமையற்கலைஞர்கள் தங்களுக்குள் மோதும் போட்டி அது. பரிசுப் பணம் அவர்கள் கைக்கு வராது, அவர்கள் தேர்ந்தெடுத்த அறப்பணிக்குப் போகும். இறுதிச் சுற்றில் மேரி சூ மில்லிகன், டிராசி டெ ஜார்டன் ஆகிய இருவருக்கு எதிராக நின்ற கார்டோஸ், காட்டுக் காளான் சேர்த்து, தேங்காய்ப் பாலும் கோகமும் விட்டு, குழைவாக ஓர் உப்புமா செய்தார். கோகம் என்பது கொங்கண், கோவாக் கரையோரங்களில் நாம் புளி சேர்ப்பதுபோலச் சேர்க்கும் பழம். இத்தாலியரின் சோளமாவுக் களியான பொலெண்டாவின் பெயரை அமெரிக்கர்களுக்குப் புரிவதற்காக ஒட்டிக்கொண்டாரே தவிர, உப்புமா என்ற பெயரை அவர் விடவில்லை. வென்றார். ஒரு லட்சம் டாலர் பரிசு புற்றுநோய் ஆய்வுக்குப் போனது.

நம் ஊரில் முதலும் இல்லாமல் முகவரியும் இல்லாமல் நடக்கும் நிறுவனத்தை 'உப்புமா கம்பெனி' என்கிறோம். வேறு எதுவும் செய்ய நேரமில்லாதபோது கிண்டுவது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டியவர்களுக்கு அது எவ்வளவு தவறு என்று தெரியும். ரவையை வாசம் வரும்வரை, ஆனால் நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். கொதிக்கும் நீரில் ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். கை ஒரு நொடி நின்றால் கட்டி தட்டும். இறக்கிய பிறகு சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். கேமரா கோணம் பார்க்கும்வரை தட்டு காத்திருக்க வேண்டிய ஓர் அரங்கில் அதைச் செய்ய ஒருவர் துணிகிறார் என்றால், அவர் கையின் பக்குவத்தை அவரே எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

போட்டியில் வென்றபோது கார்டோஸுக்கு ஐம்பது வயது. அந்த ஒரு தட்டுக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அடுப்பு வேலை இருந்தது. வெற்றிக்குப் பிறகும் அவருக்குப் பாதை நேராகிவிடவில்லை. நியூயார்க்கில் அவர் 2016இல் திறந்த பாவ்வாலா என்ற உணவகம் பெயர் மாறி பாம்பே பிரெட் பார் ஆனது, 2019இல் அதுவும் மூடப்பட்டது. மாறாக, 2015இல் மும்பையில் பங்குதாரர்களோடு தொடங்கிய பாம்பே கேன்டீன், நம் நாட்டுக் காய்களையும் வட்டாரச் சமையலையும் பெருமையோடு மேசைக்குக் கொண்டுவந்து நிலைத்தது. அதன் ஐந்தாம் ஆண்டு விழாவுக்காக 2020இல் மும்பை வந்து திரும்பியவர், மார்ச் 25 அன்று நியூ ஜெர்சியில் கொரோனாவால் இறந்தார். வயது 59.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் நிகழ்ச்சிகளில் போட்டியாளரின் குடும்பக் கஷ்டத்தை இசையோடு காட்டுகிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் யாரிடம் தொழில் கற்றார், எத்தனை ஆண்டு சரக்கு மாஸ்டருக்குக் கீழே நின்றார், எந்தப் பதத்தை எப்போது பிடித்தார் என்பதை நீங்கள் கேட்பதே இல்லை. ஒருவருடைய கையில் இருப்பது அந்த ஆண்டுகள்தான். நடுவர்களும் "அருமை", "வேற லெவல்" என்று சொல்லி முடித்துவிடாமல், எது ஏன் நன்றாக வந்தது, எந்த இடத்தில் தீ கூடியது என்று இரண்டு வாக்கியம் சொன்னால், வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் மறுநாள் தன் வாணலியில் அதைச் செய்து பார்ப்பார். முதற்கட்டத் தேர்வில், கொண்டுவந்த பண்டத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்கும் வழக்கத்தை, தயவுசெய்து, இந்தப் பருவத்திலிருந்தே நிறுத்துங்கள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை எந்தச் சமையற்காரரும் ஏற்றுக்கொள்வார்.

அந்த இளைஞர் இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு அரிசி உப்புமா இறக்குகிறார். பானையின் அடியில் பிடித்த காந்தலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்கென்றே சிலர் முன்னதாக வந்து உட்காருகிறார்கள். உங்கள் அடுத்த தேர்வுக்கு அவரை மீண்டும் அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன்; அதே பண்டத்தோடுதான் வருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சமையல் மாஸ்டர்